ஆறு கொடியிலும் என் சட்டை

மார்ச் 2

இன்று மூன்றாவது வீட்டுக் கூரையைத் தனி ஆளாகப் பிரித்து மாற்றிவிட்டேன். பத்துக் கொத்தனார் செய்கிற வேலை. சரி, உடைந்த ஓடு நாலைந்து. மாற்றியவன் நான்தானே.

பஞ்சாயத்து அலுவலகத்து ஆள் வந்திருந்தார். பாழடைந்த வீட்டைச் சரிசெய்து குடியேறினால் வாடகை வேண்டாம் என்று திட்டம் போட்டவர்கள் இவர்கள்தான். தெருவில் காலியாகக் கிடக்கும் ஆறு வீட்டுச் சாவியும் என்னிடம். "ஒத்தை ஆளுக்காக ஒரு தெருவுக்கே தண்ணி விட முடியாதுங்க. மாசக் கடைசிக்குள்ள இன்னொரு குடும்பம் வரணும். இல்லேன்னா குழாயை அடைச்சிருவோம்" என்றார்.

குடும்பமா? க்யூவில் நிற்கிறார்கள் என்றேன்.

மார்ச் 3

க்யூவில் யாரும் இல்லை.

மார்ச் 8

தங்கை போன். "அண்ணே, பேசாம இங்க வந்துரு. மாடிப்படிக்குக் கீழ கட்டில் போட்டிருக்கேன்."

மாடிப்படிக்குக் கீழே நானா? தெருவே கலகலவென்று இருக்கிறது, எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர், என்னைக் கேட்காமல் ஆணிகூட அடிக்க மாட்டார் என்றேன்.

"அவர்கிட்ட போனைக் குடு."

குளிக்கப் போயிருக்கிறார் என்றேன்.

"போன வாரமும் குளிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு."

வைத்தபிறகு வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக் கதவு மழையில் ஊதிப்போய்ப் பாதி திறந்தபடி நிற்கிறது. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்க்கப்போகிற மாதிரி. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

மார்ச் 14

நாளைக்கு ஒரு தையல்காரம்மா, தன் அம்மாவோடு வீடு பார்க்க வருகிறாராம். முன்னே வந்த குடும்பம் "பேய்கூட இங்க இருக்கப் பயப்படும்" என்று இறங்கிய காலோடு திரும்பிவிட்டது. இந்தத் தடவை விடுவேனா? ஆறு வீட்டிலும் கொடி கட்டி, என் சட்டைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். ஜன்னல்களைத் திறந்துவைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஊரே குடியிருக்கிறது. நானே ஒரு நிமிஷம் நம்பி, உள்ளே யாரையோ கூப்பிட வாயெடுத்தேன்.

மார்ச் 15

அளப்பதில் குறை வைக்கவில்லை. இந்த வீட்டில் வாத்தியார், அதில் போலீஸ்காரர், கடைசி வீட்டில் புதுசாகக் கல்யாணமானவர்கள், எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன்.

தையல்காரம்மாவின் முகம் தொங்கிவிட்டது. "இவ்வளவு ஜனமா? வேணாண்ணே. இப்ப இருக்குற எடத்துல மெஷின் சத்தம்னு மேல்வீடு கீழ்வீடு எல்லாம் சண்டைக்கு வருது. ஆளில்லாத எடம்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

என்னை நானே திட்டிக்கொண்டேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன — யார் கேட்டா போலீஸ்காரனை? தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. குதிரை மாதிரி ஓடினேன். இல்லை, மூச்சிரைக்க நடந்தேன்.

"யாருமில்லம்மா. நான் ஒருத்தன்தான்."

இதை வாய்விட்டுச் சொன்னது இன்றைக்குத்தான்.

"அப்ப அந்தத் துணியெல்லாம்?"

"என்னுதுதான்."

"அதானே பாத்தேன். எல்லாச் சட்டையும் இடது தோள் எறக்கம். அண்ணன் தம்பிங்க ஒண்ணா குடியிருக்காங்க போலன்னு நெனச்சேன்."

பஸ் வந்து நின்றது. அவருடைய அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ்ஸு போகட்டும்டி" என்றார்.

மார்ச் 24

வந்துவிட்டார்கள். பக்கத்து வீடு. இரும்பு மெஷினை நான் அப்படியே அலாக்காகத் தூக்கி வைத்தேன். மறுமுனையில் லாரி டிரைவர்.

மார்ச் 31

அலுவலகத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, எதையும் அடைக்காமல் போனார்.

ஏப்ரல் 6

தங்கை போன். பக்கத்து வீட்டில் தாயும் மகளும் குடிவந்திருக்கிறார்கள் என்றேன்.

"சரிண்ணே. சரி." கேலிகூட இல்லை, அலுப்புதான். "நாளைக்கு வண்டியோட வர்றோம். துணிமணியை எடுத்துவை."

எப்படி நம்புவாள்? இத்தனை வருஷம் நான் சொன்னதில் எதை நம்ப முடிந்தது அவளால்?

போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடியது. நின்றது. "அம்மா, கத்திரி எங்க வச்ச?" என்று ஒரு குரல். மறுபடி ஓடியது.

காதில் வைத்தபோது தங்கை மெதுவாகக் கேட்டாள். "யாருண்ணே அது?"

"பக்கத்து வீட்டுக்காரங்க" என்றேன். மேலே சேர்த்துச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.