நீ கேட்டது தேன் இல்லை

இன்று காலை மொட்டைமாடிக்குப் போனபோது தட்டில் பச்சையாக எதையோ தூவினாற்போல இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால், முளை. பதினெட்டு நாளாக வெறும் மணலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. நீ விட்டுப்போன பாக்கெட்டில் மிச்சமிருந்த விதைகள் அவை.

அந்தப் பாக்கெட் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். கல்யாணமாகி நீ பிரான்சுக்குப் போனாய், நான் திருமலைராயன்பட்டினத்துக்குப் போய், பிறகு காரைக்காலுக்கே திரும்பிவிட்டேன். முப்பது வருஷம் கழித்து, கணவரை அங்கே அடக்கம் செய்துவிட்டு, காரைக்காலில் என் எதிர்வீட்டுக்கே குடிவந்தாய். பெட்டியைத் திறந்து நீ முதலில் எடுத்தது சென்ட் இல்லை, சாக்லேட் இல்லை, ஒரு விதைப் பாக்கெட். அதிலிருந்த பிரஞ்சு எழுத்தைக் கூட்டி "தைம்" என்று படித்தேன். ஒரு நொடி என்னையே பார்த்தாய். பிறகு "ஆமாண்டி, தைம்" என்றாய். அன்றிலிருந்து நம் இருவருக்கும் அது தைம்தான்.

அதை விதை என்றா சொல்வது? மூக்குப்பொடி. "மூச்சு விடாதடி, பறந்துரும்" என்பாய். மேலே மண் போடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்றாய். மணலும் மக்கிய எருவும் கலந்த தட்டில் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டாய். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நீ ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகும் நேரம் பார்த்து வந்து, பாவம் காய்கிறதே என்று சொம்பால் ஊற்றினேன். கடற்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? முளைத்ததெல்லாம் நாலே நாளில் தண்டு அழுகிச் சாய்ந்தது. இரண்டு தடவை இப்படி. நான்தான் காரணம் என்று உனக்குத் தெரியும். மூன்றாம் தடவை தூவும்போது, "இது தாகம் தெரியாத புள்ளடி, பட்டினி போட்டாத்தான் வளரும்" என்று பொதுவாகச் சொன்னாய். யாரையும் முகத்துக்கு நேரே திருத்துகிற வழக்கம் உனக்குக் கிடையாது. எனக்கோ அதுதான் பொழுதுபோக்கு.

அது வளர்ந்ததும் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாய். "ஓமம் மாதிரி இருக்கு. இங்க கற்பூரவல்லி வேலியோரம் கேக்க ஆளில்லாம கெடக்கு, இதப் போயி பிரான்சுலேருந்து கட்டிக்கிட்டு வந்தியாக்கும்" என்றேன். சிரித்தாய். ஆனால் நெஞ்சில் சளி கட்டினால் நீ தேடுவது இதைத்தான். இரண்டு கொத்து கிள்ளி, வெந்நீரில் போட்டு மூடிவைத்துக் குடிப்பாய். "அந்தக் குளிர்ல இதாண்டி என்னக் காப்பாத்துச்சு" என்பாய். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷ மழையில் சளி முற்றி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன் மகள் பிரான்சிலிருந்து கிளம்பி வந்து சேரும்வரை பக்கத்தில் நான்தான். மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னாய். "தேன்." மூக்கோடு வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்ததால் அப்படி என்று நினைத்தேன்.

"தேனா கேக்குறே?" என்றேன். தலையசைத்தாய்.

"சுகர் இருக்கவங்கம்மா, அதெல்லாம் குடுக்காதீங்க" என்றாள் நர்ஸ். அவளோடு சண்டை போட்டேன். மழையில் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கி வந்து, விரலில் தொட்டு உன் உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மறுபடியும் "தேன்" என்றாய். மறுபடியும் வைத்தேன், மறுபடியும் திருப்பினாய். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். மூன்றாம் முறை வாயைத் திறந்து வாங்கி விழுங்கினாய். கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு எத்தனை பெருமை. மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, உன் அடுப்படியில் நீ காயவைத்திருந்த கொத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள் உன் மகள். "தேன்" என்றாள், மூக்கால்.

"இல்லம்மா, அது தைம்" என்று என் வழக்கப்படி திருத்தினேன்.

"பிரஞ்சுல இத தேன்னுதான் சொல்லுவோம், ஆன்ட்டி. நம்ம தேன் மாதிரியேதான், மூக்கால சொல்லணும். நெஞ்சடைச்சா அம்மாவுக்கு இதான் வேணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் இருந்தது. உன் மாடியில் நாலு தொட்டி நிறையத் தைம் இருந்தது. போய்க் கிள்ளி வர எனக்குக் கால்மணி நேரம் ஆகியிருக்காது.

"அம்மா கடைசியா எதாச்சும் கேட்டாங்களா, ஆன்ட்டி?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன். அல்லாஹ் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே சொன்ன பொய்.

அந்த மழையிலேயே தொட்டிச் செடிகள் எல்லாம் அழுகிப்போயின. அந்தச் சாறு உன்னைப் பிழைக்க வைத்திருக்காது என்றுதான் டாக்டர் சொல்வார், எனக்கும் அது தெரியும். ஆனால் நீ கேட்டாய். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாய். தெரியாத எழுத்தை நான் தெரிந்ததுபோலப் படித்தேன், நீ திருத்தாமல் சரி என்றாய். அந்தப் பழைய மரியாதைக்கு நீ கொடுத்த விலை அது. உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் உன் வருஷப் பூசைக்கு மகள் வருகிறாள். நடந்ததைச் சொல்லத்தான் போகிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை ஆன்ட்டி என்பாள். உன் வயிற்றில் பிறந்தவள் வேறு என்ன சொல்வாள்? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இதற்கு என்னைத் திட்ட உரிமையுள்ள ஒரே ஆள் நீ. நீயோ, வேண்டாததை எனக்காக விழுங்கிவிட்டுப் போய்விட்டாய்.