கப்பல் சமையற்காரனும் ஐந்தாம் பாகமும்

செப். 29, திங்கள்

காலையிலிருந்து சாரல். காலாண்டு விடுமுறை. பள்ளி இல்லை, வரலாற்றுப் பாடம் எடுக்க வேண்டாம். கொடியில் துணி இன்னும் ஈரம்.

கப்பல் சமையற்காரன் கதை கிடைத்துவிட்டது. பார்வையற்றோருக்கான இணைய நூலகம் ஒன்றில். ஜெசிந்தாவும் நானும் ஒன்பதாம் வகுப்பில், விடுதியில், விரலால் படித்த கதை. பிரெய்லில் தடிதடியாக ஐந்து பாகம். நாலுதான் படித்தோம். ஐந்தாவதில் புள்ளிகள் நசுங்கிப்போயிருந்தன. கப்பலில் போனவன் திரும்பி வந்தானா, இன்றுவரை தெரியாது. வருவான் என்பாள் அவள். வரமாட்டான் என்பேன் நான். முப்பத்தாறு வருடச் சண்டை.

இப்போது அவளுக்குக் காதும் போய்க்கொண்டிருக்கிறது. ஒலிப்புத்தகம் இனி உதவாது. குளச்சலில் தம்பி வீட்டில் இருக்கிறாள். யாரோ கொடுத்த பழைய பிரெய்ல் கருவி, விரலுக்கடியில் புள்ளி எழும்பி இறங்குவது, அது ஒன்றுதான் துணை. போன மாதம் சொன்னாள்: "ஏட்டி சுசீலா, அந்தக் கதைக்க முடிவு தெரிஞ்சா போதும். காது போனா போட்டு."

வேண்டியவை: மெமரி கார்டு, புளி, கொசுவத்தி.

செப். 30, செவ்வாய்

நூலகத்தில் இரண்டு வடிவம். முதலில் டெய்சி, பார்வையற்றோருக்கான ஒலிப்புத்தக வடிவம். என் பிரெய்ல் கருவியில் போட்டால் 'அத்தியாயம் 1', 'அத்தியாயம் 2' என்று தலைப்பு மட்டும் விரலுக்கு வருகிறது. மற்றதெல்லாம் யாரோ ஒருவர் குரல். குரலை வைத்து அவள் என்ன செய்வாள்.

அடுத்தது ஈபப், எழுத்தாகவே உள்ள மின்னூல். கணினியோடு என் கருவியைச் சேர்த்ததும் அருமையாக வந்தது. ஆனால் அவளுடைய பழசு ஈபப்பைத் திறக்காது. பி.ஆர்.எஃப். மட்டும்தான் திறக்கும், அதாவது ஏற்கெனவே புள்ளியாக மாற்றி வைத்த கோப்பு. உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் பாத்திரக் கடையிலிருந்து சாப்பிட வந்தார். "புஸ்தகத்துக்கும் மெஷினுக்கும் பொருத்தம் பாக்க ஜோசியர்ட்ட போணுமா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் பாத்துத்தான் கெட்டுனீங்களா?" என்றேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

ஐந்தாம் பாகத்தை நான் படித்துப் பார்க்கவில்லை. அவளுக்கு முந்திப் படிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் புள்ளிகள் எப்படி நசுங்கின என்று எனக்குத் தெரியும். ஐப்பசி மழை, ஓடு ஒழுகி என் தலையணை தொப்பலாக நனைந்துவிட்டது. நாலாவது முடியுமுன்னே அவள் நூலகத்திலிருந்து ஐந்தாவதையும் எடுத்து வைத்திருந்தாள். பத்து ராத்திரி அதைத் தலைக்கு வைத்துத் தூங்கினேன். புத்தகம் அவள் பெயரில். வார்டன் அவளைத்தான் ஏசினார். அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு நூலகம் கிடையாது. நான் வாய் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக். 2, வியாழன்

குளச்சல். பஸ்ஸில் பின்சீட்டுக் குரல்: "மழ பெய்யுது, மீனும் இல்ல, என்னத்தச் சொல்ல மக்கா."

ஜெசிந்தாவின் கை மெலிந்திருக்கிறது. விடுதியில் விளக்கணைத்தபின் பேசியதுபோலவே பேசினோம். பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிக்கு அவளுடைய ஆறு விரல்கள், நான் தட்டுவேன். அன்று வார்டனுக்குக் கேட்காமல் இருக்க. இன்று அவளுக்கே கேட்காததால். விரல் ஒன்றும் மறக்கவில்லை.

நான் கொண்டுபோன கார்டைக் கருவியில் போட்டாள். இரண்டு நிமிஷம் தடவினாள். "ஏட்டி, இதுக்கென்ன விக்கலா?"

தொட்டுப் பார்த்தேன். ஒரு வரி முழுசு, அடுத்தது பாதி, பிறகு வெறுமை. மறுபடி முழுசு, பாதி. என் கருவியில் ஒரு வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து, அவளுடையதில் இருபது. நான் என் அளவுக்கே வரியை வெட்டி வைத்திருக்கிறேன். அவள் கருவிக்கு எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடச்சி.

"ஞாயிறு கொண்டுவருவியா?" என்றாள். சரி என்று தட்டினேன்.

அக். 3, வெள்ளி

இருபதுக்கு மாற்றியாயிற்று. சாயங்காலம் ஐந்தாம் பாகத்தின் தலையில் மூன்று வாக்கியம் சேர்த்தேன். அழித்தேன். திரும்பச் சேர்த்தேன். 'புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தது நான். உன்னை ஏச விட்டதும் நான். மன்னிச்சிரு ஜெசி.' அப்படியே கார்டில் ஏற்றிவிட்டேன்.

அக். 5, ஞாயிறு

வெயில். மறுபடி குளச்சல். மாதா கோயில் பூசை முடிந்து அவள் வீடு வந்ததும் கார்டைக் கொடுத்தேன்.

"நாலும் மனப்பாடம். அஞ்ச எடுக்கேன்."

அவள் விரல் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். ஓடியது. நின்றது. திரும்ப முதலிலிருந்து ஓடியது.

"இத எழுத உனக்கு இத்தன வருசமா?" என்றாள். "எனக்கு அப்பமே தெரியும். காலம்பற உன்ன எழுப்ப வந்து கன்னத்தத் தொட்டேன். எல்லாம் புள்ளி."

ஏன் சொல்லவில்லை என்று தட்டினேன். அவசரத்தில் பாதி எழுத்து தப்பு.

"சொன்னா உனக்கும் புஸ்தகம் கிட்டாது. பொறவு யாரு எனக்குக் கதை சொல்லுவா?" கண்ணைத் துடைத்து நனைந்திருந்த என் வலது கையை இழுத்துக் கருவியின் வலது பாதியில் வைத்தாள். இடது பாதி அவளுக்கு. "அழாத. சும்மா கெட. அவன் கப்பல் வருதான்னு பாப்போம்."