பறி என்ற சொல்லை நீங்கள் கேட்ட நாள்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை நோபல் பார்க்கில் நாம் ஒன்றாக வேலை செய்த சைல்ட்கெயாரில் அலுமாரியைத் துடைத்தபோது அந்தப் படப்புத்தகம் கையில் வந்தது. இந்த நாட்டின் பூர்வகுடிகளான உங்கள் மக்களில் ஒரு குடும்பம் ஆற்றங்கரைக்குப் போய், கோரை அறுத்து, கூடை பின்னி, விலாங்கு பிடிக்கும் கதை. நீங்கள் மறைந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. உங்கள் குடும்பத்தில் இறந்தவரின் பெயரைச் சில காலம் சொல்வதில்லை என்றார் உங்கள் மகள். அதனால் இங்கே பெயரை எழுதவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக்காட்டும் முறை எனக்கு வந்தது. மன்னாரில் படித்த என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களோடு இருந்த என் நான்கு வயது மகள் எழுந்து வந்து, "அம்மா, ஸ்டாப். பிளீஸ்" என்றாள். புத்தகத்தை மூடிவிட்டேன். இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றியது.

நீங்கள் பழத்தட்டை வைத்துவிட்டுப் பாயில் வந்து அமர்ந்தீர்கள். படத்தில் இருந்த கூடையைத் தொட்டு, "இதற்கு உன் மொழியில் என்ன பெயர்?" என்றீர்கள்.

"பறி." என் அப்பாவும் மீன் பிடிக்க இப்படி ஒன்று பின்னுவார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"பரி, பரி" என்றீர்கள். மகளுக்குப் பொறுக்கவில்லை. "நோ! பறி!" என்று திருத்தினாள். பிறகு பிள்ளைகள் எல்லாரும் அவளைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். இப்போது அவள் உயரமாகிவிட்டாள். கடையில் அத்தனை பேர் நடுவே, "அம்மா, இங்க வாங்கோ" என்று சத்தமாகக் கூப்பிடுகிறாள்.

புத்தகத்தை மூடிய அன்று மதியம் நீங்கள் சொன்னது எனக்குத் தமிழிலேயே நினைவிருக்கிறது. "என் அம்மா தன் மொழியைப் பேசியதற்காக அடி வாங்கினார். எனக்கு வந்து சேர்ந்தது கொஞ்சச் சொற்கள்தான். உன்னிடம் முழு மொழியும் இருக்கிறது. நீயே அதை மூடலாமா?"

எனக்குக் குடியுரிமை கிடைத்தபோது கேக் வாங்கி வந்தேன். "விசாவுக்கு எத்தனையோ பேரிடம் கெஞ்சினேன். இங்கே இருக்கலாமா என்று உங்களிடம் மட்டும் கேட்கவில்லை" என்றேன். கேக் வெட்ட எடுத்த கத்தியைக் கீழே வைத்தீர்கள். கண் கலங்கியிருந்தது. "என்னிடம் யாரும் கேட்டதே இல்லை." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "இரு. இந்த மண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்."

அரசாங்கக் கடிதங்கள் எங்கோ ஒரு கோப்பில் கிடக்கின்றன. நான் இந்த நாட்டில் கால் ஊன்றி நிற்பது உங்கள் வாயால் கேட்ட அந்த 'இரு'வில்தான்.