முதுகு தூக்காத மூச்சு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன மாதம் போனில் ஒரு கேள்வி கேட்டாயே, "கட்டி இருந்தது இடது மார்புலதானேம்மா, கதிர் பாய்ச்சறப்போ பக்கத்துல இருக்கிற இதயம் என்ன ஆகும்?" என்று. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவள், அன்று "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பார்" என்று போனை வைத்துவிட்டேன். எனக்கும் அதே பயம்தான் கண்ணு, கேட்கத்தான் வாய் வரவில்லை. இப்போது பதில் தெரியும்.

மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் உப்பி, இதயத்தை மார்புச் சுவரைவிட்டுத் தள்ளி வைக்கும். அந்த இருபது விநாடிக்குள் கதிரைப் பாய்ச்சிவிடுவார்கள். பேருந்து வருகிறபோது பிள்ளையைத் தெருவோரம் இழுத்துக்கொள்வோமே, அதுபோல. எல்லாருக்கும் இது வசப்படாது, வராவிட்டால் சாதாரண மூச்சிலேயே வைப்போம், இதயத்துக்குக் கதிர் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கதிர் வைக்கிற டெக்னீஷியன் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். சாய்வான பலகையில் படுக்க வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாள். அவள் விரிப்பை இழுத்து என்னைச் சரிசெய்தபோது நானும் நகர்ந்து கொடுத்தேன். "டீச்சர், எனக்கு உதவி பண்ணாதீங்க, மூட்டை மாதிரி கிடங்க, போதும்" என்றாள். வயிற்றின் மேல் ஒரு சின்னப் பெட்டி. மூச்சு இழுத்தால் அது உயரும், திரையில் ஒரு கோடு பச்சைக் கட்டத்துக்குள் ஏறும். முதல் தடவையே ஏற்றிவிட்டேன்! நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தேன். அவள் வந்து என் முதுகுக்கு அடியில் உள்ளங்கையை விட்டாள், சுலபமாக உள்ளே போனது. "மூச்சு ஏறல டீச்சர், முதுகுதான் ஏறுது. பெட்டி ஏமாந்துடுச்சு, நான் ஏமாற மாட்டேன்" என்றாள். வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் நெஞ்சை நிமிர்த்து, நெஞ்சை நிமிர்த்து என்று கத்திக் கத்தி, மூச்சு என்றாலே முதுகு தானாக வளைகிறது. மறுபடி இரண்டு தடவை முயன்றேன், வரவில்லை. இரண்டு நாள் வீட்டில் பழகிவிட்டு வாங்க, அப்போதும் வராவிட்டால் சாதாரண மூச்சுதான் என்று அனுப்பிவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் அப்பா தரையில் உட்கார்ந்து என் முதுகுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே எண்ணினார். இருபதை ஏழு விநாடியில் முடித்துவிடுகிறார். ஏன் இப்படி ஓடுகிறீர்கள் என்று திட்டினால், "நீ மூச்சப் பிடிச்சா எனக்கு முட்டுதே" என்கிறார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. ஸ்கேன் எடுத்து இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒன்றில் இதயம் மார்புச் சுவரை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மூச்சைப் பிடித்தபோது எடுத்த மற்றதில் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. "இதுதான் டீச்சர் உங்க மார்க்கு" என்றாள்.

அந்தப் பெண்ணின் கண்ணை என்னவென்று சொல்வது! தினமும் என் தோலில் அடையாளத்துக்குப் பச்சை குத்திய கடுகளவு புள்ளிகள் மூன்றையும் லேசர் கோட்டோடு பொருத்தி, திருப்தி வந்த பிறகுதான் கனமான கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. பத்து நாள் முடிந்தது, ஐந்து பாக்கி. தோல் சிவந்திருக்கிறது, மத்தியானம் அசதியாக இருக்கிறது, மறைக்கவில்லை.

கவலைப்பட்டு லீவு போட்டு ஓடி வராதே. நீ நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், அதுவே எங்கள் ஆசீர்வாதம். உனக்கு நாற்பது ஆனதும் மறக்காமல் டாக்டரிடம் காட்டிக்கொள். இப்போதைக்கு ஒன்று செய்: தரையில் மல்லாந்து படுத்து, முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, அதைவிட்டு முதுகு எழும்பாமல் மூச்சை இழுத்துப் பிடித்து, அப்பா மாதிரி ஓடாமல், இருபது எண்ணிப் பார்.

உன் அம்மா