மாவுக்கை

சரயேவோ
14 அக்டோபர் 2019

அன்பு மகள் அஸ்ராவுக்கு அப்பா எயூப் எழுதுவது. இங்கே எல்லாம் நலம், என் நெற்றியைத் தவிர. உன் கணவன் நில்ஸ் அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பாய். அதில் தலையில் பிளாஸ்திரியோடு அசடு வழிகிறவன் நான்தான்.

முற்றுகைக் காலத்தில் ஊரைவிட்டு வெளியே போய்வரத் தோண்டிய சுரங்கத்தைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பமாட்டேன் என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தான். உருளைக்கிழங்கும் மாவும் சுமந்து நாற்பது தடவை போய்வந்த வழிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். சுற்றிக்காட்டும் பெண், "பெரியப்பா, குனிஞ்சு வாங்க" என்றாள். "நீ பிறக்கறதுக்கு முன்னாடியே இதுக்குள்ள ஓடினவன்மா நான்" என்று வீறாப்பாகச் சொல்லி முடிப்பதற்குள் மேல்விட்டம் மண்டையில் மோதியது. "போர்ல தப்பிச்ச தலைய டிக்கெட் வாங்கி உடைச்சுக்கணுமா?" என்று அவளே மருந்து போட்டாள். மொழி தெரியாத பயணிகள்கூடச் சிரித்தார்கள்.

பிறகு என்னையே பேசச் சொன்னாள். முப்பது முட்டை சுமந்து நான்கைக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையைச் சொன்னேன். நன்றாகவே எடுபட்டது. இப்போது திறந்து வைத்திருப்பது முப்பது அடி எடுத்து வைத்தால் தீர்ந்துபோகும். அன்று எண்ணூறு மீட்டர், காலடியில் தண்ணீர். ஒரு கூட்டம் முழுதாக வெளியேறினால்தான் அடுத்த கூட்டத்தை விடுவார்கள். நுழைந்தவன் திரும்ப முடியாது.

அதனால்தான், நான்கு வயது உன்னை முதுகில் கட்டிக்கொண்டு நான் இறங்கியதும், இந்தக் கூட்டம் நிறைந்துவிட்டது என்று காவலன் கையை நீட்டி உன் அம்மாவை நிறுத்தினான். "நீ போ, பின்னாலயே வர்றேன்" என்று ராசியா கையசைத்தாள். விரலெல்லாம் வெள்ளையாக மாவு. அவள் நின்ற வரிசையில் குண்டு விழுந்த சத்தம் சுரங்கத்துக்குள் எனக்குக் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் நெட்டினார்கள். நடந்தேன். இது உனக்குத் தெரிந்ததுதான்.

சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து காப்பி குடிக்கும்போது நில்ஸ் நம் மொழியை அரைகுறையாகப் பேசிக் கேட்டான்: "அன்னிக்கே கிளம்பணும்னு சொன்னது அத்தைதானே, மாமா? அஸ்ராவுக்கு அவங்க மேல இன்னும் கோவம் போகல." பிறக்கப்போகும் பெண்ணுக்கு ராசியா என்று பெயர் வை என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். போன வாரம் போனில் நீ, "குண்டு மழையில என்னை இழுத்துட்டுப் போன அவசரக்காரி பேரு எதுக்குப்பா?" என்றாய். நில்ஸ் கேட்டபோது அது மறுபடி காதில் ஒலித்தது. நில்ஸிடம் ஆமாம் என்று தலையாட்டினேன். உனக்கு ஐந்து வயதில் சொன்ன அதே பதில்.

நாளை அவன் விமானம் ஏறுகிறான். கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். என் கையெழுத்து நம் ஊர்க்காரனுக்கே புரியாது, அவன் எங்கே படிக்கப்போகிறான்!

நீ நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும், மகளே. தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்தபின் என்னைத் திட்டு. போனை எடுக்காமலும் இரு. அந்தப் பெயரை மட்டும் வை.

அன்று காலை உன் அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "இன்னிக்கு ரொம்ப குண்டு போடுறானுங்க, எயூப். இதைச் சுட்டு எடுத்துக்கிட்டு நாளைக்குப் போலாம்" என்றாள். "உனக்கு எல்லாமே நாளைக்குத்தான்" என்று கத்தி, கையைக்கூடக் கழுவவிடாமல் இழுத்துக்கொண்டு கிளம்பியவன் நான்.