ஒன்பதாம் பக்கத்தில் இரு பிழைகள்

செனாவாங்
3.3.2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தனலெட்சுமி வணங்கி எழுதுவது.

முட்டிவலி பழகிவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு நான் நடத்தும் ‘முனிக்குப் பிடித்தவை’ சிற்றிதழின் மூன்றாம் இதழை இத்துடன் அனுப்புகிறேன். பதினாறு பக்கம், நானே நகலெடுத்து, ஸ்டேப்ளர் அடித்த அறுபது பிரதிகள். மலேசியச் சாலையோர முனிகளுக்கு யார் என்ன படைக்கிறார்கள் என்பது மட்டுமே பொருள். லோரி ஓட்டும் சுகுமாறன், “பீர் வைக்காம போனா அடுத்த வளைவுலயே டயர் பஞ்சர் லா, அக்கா” என்கிறார்.

அடுத்த இதழில் நாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்து முனி. அப்பா வெள்ளிதோறும் சுருட்டு வைத்த கல்லைக் குடமுழுக்கின்போது நீங்கள் கோயில் வாசலிலிருந்து அகற்றியதையும், அப்பா இறக்கும்வரை உங்களோடு பேசாததையும் எழுதப்போகிறேன். அந்தக் கல் இப்போது எங்கே?

தங்கை,
தனலெட்சுமி

*

தம்பின்
19.3.2024

சிவமயம்

தனலெட்சுமிக்கு,

இதழ் கிடைத்தது. அச்சு தெளிவாக உள்ளது.

பதிகம் ஓதும் வாசலில் சுருட்டும் சாராயமும் தகா. கல்லை அகற்றும் முடிவு என்னுடையது, அதற்காக வருந்தியதில்லை. அப்பாவின் மௌனத்தை நீ அச்சேற்றினால், அவர் திதிக்கு இவ்வீட்டுப் படி ஏற வேண்டாம்.

அமிர்தலிங்கம்
கோயில் தலைவர்

*

செனாவாங்
2.6.2024

அண்ணனுக்கு,

நான்காம் இதழ் வந்துவிட்டது. அப்பாவைப் பற்றிய பத்தியும் இருக்கிறது. ஆகவே திதிக்கு வரமாட்டேன்.

கல்லைக் கண்டுபிடித்தேன். பழைய ரப்பர் புகைக்கூடத்தின் பின்னால், செம்பனை மரங்களின் ஓரம். கழுவிய கல், அன்று வைத்த சுருட்டு. நுனியில் வாய் பட்டிருந்தது. யாரோ ஊதிவிட்டு வைத்த எச்சில் சுருட்டு என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே களை மருந்து அடிக்கும் பாஞ்சாலை அக்காவிடம் கேட்டேன். “யாரு வைக்கிறான்னு ஒனக்கு எதுக்கும்மா? படம் புடிச்சியா, போய்க்கிட்டே இரு லா” என்றார்.

தனலெட்சுமி

*

தம்பின்
17.6.2024

சிவமயம்

தங்கைக்கு,

இதழை இருமுறை வாசித்தேன். அப்பாவைப் பற்றிய பத்தியில் மாற்ற ஏதுமில்லை. ஒன்பதாம் பக்கத்தில் இரு பிழைகள் உள்ளன.

சுருட்டில் சிவப்புத் தாள் வளையம் என்கிறாய். பச்சை. அப்பா புகைத்த அவ்வகை தம்பின் சந்தைக்கு எதிரே ஒரே கடையில்தான் கிடைக்கிறது. கடைக்காரர் அப்துல் மஜீத் நாளிதழில் சுற்றித் தருவார், யாருக்கென்று கேட்டதில்லை.

எச்சில் என்றதும் பிழை. சுருட்டைப் பற்றவைக்க ஒருமுறை வாயால் இழுத்தே ஆகவேண்டும். வேறு வழி அறியேன். அதற்குமேல் இழுப்பதில்லை. மீதி முழுதும் அவருடையது. பதினோர் ஆண்டுகளாக வெள்ளிதோறும் பற்றவைத்தும் இருமல் நிற்கவில்லை. பின்பு நீராடி, நீறணிந்த பிறகே கோயில் கதவு திறக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமைப் பூசை கால்மணி தாமதிப்பது அதனால்தான்.

திருத்தம் வெளியிட்டால் பெயர் வேண்டாம். படம் வேண்டுமென்றால் வெள்ளி காலை ஆறரைக்குள் வீட்டுக்கு வந்துவிடு. கல்வரை சேர்ந்தே நடக்கலாம். கை மட்டும் தெரியட்டும்.

அண்ணன்