அப்பா குதிரையிடம் இருக்கிறார்

போனை எடுத்ததும் "சொல்லு கண்ணு" என்கிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எனக்கே பயமாக இருக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறேன். கருமாதி முடிந்த மறுநாளே சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் ஆபீசுக்குப் போய்விட்டேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று அத்தை அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், "அப்பா எங்கம்மா, பண்ணையிலயா?" என்று கேட்டார். "ஆமாண்ணா, குதிரைகிட்ட இருக்காரு" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று என் வாயால் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, அப்பா. லீவு லெட்டரில்கூட 'குடும்பக் காரணம்' என்றுதான் எழுதினேன்.

குதிரைக்காரர் மகளாக இருந்தும் நான் ஒரு குதிரையைத் தொட்டதில்லை. முதலாளிக்காக நீங்கள் பராமரித்த குதிரைக்குப் பந்தயப் புத்தகத்தில் வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர். நீங்கள் வைத்த பேர் தம்பி. ஒற்றைப் பிள்ளையான எனக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு என்று கேலி செய்வீர்கள். கிண்டி, பெங்களூரு, மும்பை என்று அவன் ஓடிய ஊருக்கெல்லாம் அவனோடு லாரியில் நின்றபடியே போனீர்கள். ஒரு வருஷம் முழுக்க அவன் தோற்கவே இல்லை. முதலாளி கோப்பையோடு நிற்கும் போட்டோவில், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற உங்கள் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும். அதையும் பிரேம் போட்டு மாட்டினீர்கள். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று போன் செய்தீர்கள். முதல் வார்த்தை, "தம்பி ஜெயிச்சிட்டாம்மா!" அன்றிலிருந்து எனக்கு அவனைப் பிடிக்காது.

முன்னங்கால் நரம்பு பிசகி அவன் ஓட்டம் நின்றபோது சந்தோஷப்பட்டேன். இனி நீங்கள் வீட்டோடு இருப்பீர்கள் என்று நம்பினேன். குட்டி போடவைக்கும் பொலிகுதிரையாக அவனை ஓசூர்ப் பக்கத்துப் பண்ணைக்கு அனுப்பினார்கள். நீங்களும் கூடவே போய்விட்டீர்கள். அவனுடைய முதல் குட்டிகள் ஒன்றும் சரியாக ஓடவில்லை என்று ஒரு பொங்கல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அப்புறம் பிறந்த ஒரு பெண்குட்டி பெரிய பந்தயத்தில் ஜெயித்ததும், பேத்தி பிறந்த மாதிரி தெருவுக்கே லட்டு கொடுத்தீர்கள். அன்று ஒருநாள் மட்டும் யாரும் என் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. அதற்காக வேண்டுமானால் அவனுக்கு நன்றி சொல்லலாம்.

நேற்று பண்ணையில் உங்களோடு வேலை பார்த்த ரமேஷ் அண்ணன் போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. குளம்பு வெட்டணும், தம்பி காலத் தூக்க மாட்டேங்குது. ரெண்டு பேர உதைச்சிடுச்சு. போன தடவ மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டினோம். இந்த வயசுல சும்மா சும்மா ஊசி போட்டா தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. உங்கப்பா முட்டியில தட்டி என்னமோ சொல்வாரு, உடனே தூக்கிடும். எங்களுக்கு அது பிடிபடல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும் என்றுதான் பட்டது. எல்.கே.ஜி. போகும்போது ஷூ போடவிடாமல் காலை மடக்கி ஒளித்துக்கொள்வேன். லீவில் வந்திருக்கும் நீங்கள் என் முட்டியில் தட்டி, "ஐயய்யோ, காலக் காணோமே!" என்பீர்கள். சிரித்துக்கொண்டே நீட்டிவிடுவேன். அது எனக்கு மட்டும் சொன்னது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்பா. எனக்கென்று எதைத்தான் நீங்கள் மிச்சம் வைத்தீர்கள்? தெரியாதுண்ணா என்று சொல்லிப் போனை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஸ்பீக்கர்ல போட்டு அவன் காதுகிட்ட வைங்கண்ணா. நீங்க முட்டியில தட்டுங்க."

ஆபீஸ் மாடிப்படியில் நின்று, உங்களைப் போலவே இழுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் முட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ரமேஷ் அண்ணன் குரல் தாழ்த்திச் சொன்னார்: "தூக்கிடுச்சும்மா."

நாலு காலுக்கும் நாலு தடவை சொன்னேன். படியேறிப் போனவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சரிண்ணா என்று வைக்கப் போனேன்.

"வேல முடிஞ்சிடுச்சும்மா. ஆனா தம்பி அங்கயும் இங்கயும் திரும்பித் திரும்பிப் பாக்குது. தீனியும் திங்கல. பண்ணை கேட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குது. உங்கப்பா வந்துட்டாருன்னு நெனச்சிக்கிச்சு போல."

அவனிடம் யாரும் சொல்லவில்லை, அப்பா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனவர் திரும்பி வருவார் என்றுதான் நாற்பது நாளாக நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு யார் சொல்வார்கள்? அவனுக்குப் புரிகிற பேச்சு அங்கே யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போகிறேன். அவன் கழுத்தில் கை வைத்து, நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

உங்கள் மகள்,
செல்வி